தாய் மீன்கள் எத்தனை?

(நூற்றாண்டு விழா உரைத்தொடரில் பழைய மாணவிகள் இருவர் இணைந்து ஆற்றிய உரை)



மேடையில் இருவர் நிற்கிறோம், உரை ஒன்றுதான். உயர்தர உயிரியல் வகுப்பில் நாங்கள் இருவரும் ஒரே வாங்கில் இருந்தவர்கள். பிற்பாடு எங்களில் ஒருவர் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படிப்பித்தார். மற்றவர் குளங்களில் மீன் வளர்ப்போருடன் வேலை செய்தார். ஒருத்திக்குப் புத்தகத்து மீன் தெரியும், மற்றவளுக்குக் கறிச்சட்டி மீன் தெரியும் என்று எங்கள் வீட்டார் பகிடி பண்ணுவார்கள். சங்கம் எங்களைப் பேச அழைத்த அதே கிழமையில் இரண்டு கேள்விகள் எங்களிடம் வந்து சேர்ந்தன. உயர்தர வகுப்பு மாணவிகள் ஒரு கடிதம் எழுதியிருந்தார்கள்: ஆய்வுகூடத்துக்குப் பின்னால் உள்ள சீமெந்துத் தொட்டியில் கப்பி மீன்கள் சில முதுகு வளைந்து பிறக்கின்றனவே, ஏன் அக்கா? மற்றையது விழாக்குழுவின் கேள்வி: நூற்றாண்டு நினைவாகக் குளத்தில் பத்தாயிரம் மீன்குஞ்சு விட எண்ணியிருக்கிறோம், உங்கள் அபிப்பிராயம் என்ன?

இரண்டும் ஒரே கேள்விதான் என்று நாம் சொன்னால் சிரிப்பீர்கள். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

முதலில் எங்கள் தொட்டி. அந்தக் கப்பிகள் எப்படி வந்தன என்பதை நாம் கண்ணால் கண்டவர்கள். 1980களின் நடுப்பகுதியில், நுளம்புக் குடம்பிகளைத் தின்னும் மீன் என்று எங்கள் உயிரியல் ரீச்சர் தம் வீட்டுக் கிணற்றிலிருந்து ஒரு பால்மா ரின்னில் ஏழெட்டு மீன்களைக் கொண்டுவந்து விட்டார். அதன்பின் அத்தொட்டிக்கு வெளியிலிருந்து மீன் வந்ததாக நாம் அறியவில்லை. இடையில் பாடசாலை பூட்டிக்கிடந்த காலம் ஒன்று இருந்தது. தொட்டி வெடித்து நீரெல்லாம் வடிந்தபோது, காவலாளி ஐயா எஞ்சிய மீன்களில் கொஞ்சத்தை ஒரு பக்கற்றில் அள்ளித் தம் குடிசை வாசலில் வைத்துக் காப்பாற்றினார். இன்று தொட்டியில் நீந்துபவை அந்தப் பக்கற்றின் சந்ததிகள். கப்பிக்கு ஒரு தலைமுறை மூன்று நான்கு மாதம். ஆகவே அந்த ரின்னுக்கும் இன்றைக்கும் இடையில் நூறு தலைமுறைக்கு மேல் கடந்துவிட்டது. மனிதக் கணக்கில் அது சங்க காலத்துக்கும் நமக்கும் உள்ள தூரம்.

ஒரே பரம்பரையலகுக்குப் பல வடிவங்கள் உண்டு. அவற்றை எதிருருக்கள் என்று படித்திருக்கிறீர்கள். ஒரு குடித்தொகையில் இப்படி எத்தனை வகை வடிவங்கள், எவ்வளவு கலந்து கிடக்கின்றன என்பதே பிறப்புரிமைப் பல்வகைமை. புதிய நோய் வந்தாலும் நீர் சூடாகினாலும் தாக்குப்பிடிக்கும் சில மீன்கள் இருக்குமா என்பது இந்தக் கையிருப்பைப் பொறுத்தது. ஒவ்வொரு தலைமுறையிலும் சில வடிவங்கள் தற்செயலாகவே தொலைந்து போகும். பெற்றோர் எத்தனை பேரோ, அதன் இரட்டிப்பில் ஒரு பங்கு கையிருப்பு ஒவ்வொரு தலைமுறையிலும் குறையும். பெற்றோர் 50 என்றால் தலைமுறைக்கு நூற்றுக்கு ஒன்று. சின்ன இழப்புத்தானே என்று தோன்றும். எழுபது தலைமுறையில் பாதி போய்விடும்.

இங்கே பெற்றோர் என்பது தொட்டியில் நீந்தும் தலைகளின் எண்ணிக்கை அல்ல. சியூவெல் றைற் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1931இல் இதற்கு ஒரு கணக்குச் சொன்னார். பயனுறு குடித்தொகை என்று நாம் அதனைச் சொல்லலாம். ஐந்து ஆணும் ஐந்து பெண்ணும் குஞ்சு தந்தால் கணக்குப் பத்து. ஒன்பது பெண்ணுக்கு ஓர் ஆண்தான் தகப்பன் என்றால், தலை எண்ணினால் அதுவும் பத்து; றைற்றின் கணக்கில் 3.6. எல்லாக் குஞ்சுகளிலும் பாதிப் பங்கு அந்த ஒரே தகப்பனுடையதல்லவா? காலப்போக்கைச் சேர்த்தால் இன்னும் மோசம். ஒன்பது தலைமுறை 200 மீன் இருந்து, ஒரு தலைமுறை மட்டும் நாலாகச் சுருங்கினால், பத்துத் தலைமுறைக்குமான பயனுறு தொகை 180 அல்ல, ஏறத்தாழ 34. காவலாளி ஐயாவின் பக்கற் மீன்களின் உயிரைக் காத்தது, அதற்காக அவருக்கு நாம் என்றும் கடமைப்பட்டவர்கள். ஆனால் அந்தப் பக்கற்றின் வாயளவு ஒடுக்கம் இன்றைக்கும் தொட்டியில் இருக்கிறது.

அப்படியானால் நாற்பது வருடத்தில் தொட்டி எப்போதோ வெறுமையாகியிருக்க வேண்டுமே என்று கேட்கலாம். கப்பியின் வாழ்க்கை முறைதான் அதைக் கொஞ்சம் தாங்கிப் பிடித்தது. கப்பி முட்டையிடுவதில்லை, குஞ்சே ஈனும். ஒரு பெண் மீன் பல ஆண்களுடன் கூடும். அவற்றின் விந்தை மாதக்கணக்கில் உடலினுள் சேமித்து வைக்கும். ஆகவே ரீச்சரின் ரின்னில் வந்த ஒவ்வொரு பெண்ணும் தன்னோடு, கிணற்றிலேயே நின்றுவிட்ட சில தகப்பன்மாரின் பங்கையும் கொண்டுவந்தது. ரின்னில் ஏழெட்டு மீன். வந்திறங்கிய பெற்றோர் அதைவிட அதிகம். ஓர் இனம் எப்படிப் பிறக்கிறது, எப்போது கூடுகிறது, எத்தனை முறை ஈனுகிறது, எவ்வளவு காலம் வாழ்கிறது, எங்கே போய்வருகிறது என்ற இந்த வாழ்க்கை வரலாறுதான் அதன் பரம்பரைக் கையிருப்பைத் தீர்மானிக்கிறது. இன்றைக்கு நாம் சொல்ல வந்தது இதைத்தான்.

இனி நம் குளங்களைப் பார்ப்போம். விராலைப் பாருங்கள். முட்டையிட்டுக் கூட்டைக் காவல் செய்யும். குஞ்சுகள் சிவப்புப் பந்துபோல் ஒன்றாய்த் திரியும்போது தாயும் தகப்பனும் கீழே நின்று காக்கும். திலாப்பியா, கிழக்கில் யப்பான் மீன் என்பார்களே, அதன் தாய் சில நூறு முட்டைகளை வாயினுள் வைத்துப் பொரிக்கும். அந்நாட்களில் இரை தின்பதும் அரிது. இவற்றுக்கு எதிர்ப்புறத்தில் நிற்கின்றன கட்லாவும் ரோகுவும். ஒரு தாய் ஒரே தடவையில் இலட்சக்கணக்கான முட்டைகளை வெள்ளத்தில் வீசிவிட்டுத் தன் வழியே போய்விடும். பிள்ளை வளர்ப்பில் நம் ஊர்த் தாய்மார் எந்தப் பக்கம் என்று நாம் சொல்லத் தேவையில்லை.

2014இல் 'நேச்சர்' இதழில் வந்த ஓர் ஆய்வில், கறையான் முதல் கடல் முள்ளெலி வரை 76 விலங்கினங்களின் பரம்பரையலகுகளை ஒப்பிட்டார்கள். எதிர்பார்த்ததுபோல் உடல் அளவோ, வாழும் பரப்போ பல்வகைமையை முதன்மையாகத் தீர்மானிக்கவில்லை. தாயை விட்டுப் பிரியும்போது குஞ்சு எவ்வளவு பெரியது என்பதே நன்றாக முன்கூட்டிச் சொன்னது. சின்னஞ்சிறு முட்டைகளை எண்ணின்றி வீசும் இனங்களில் பல்வகைமை கூட; சில பிள்ளைகளைப் பெரிதாக்கிப் பொத்திப் பொத்தி விடும் இனங்களில் குறைவு. வீசுபவை பெரும்படையாய் இருந்தால்தான் நிலைக்கும், வளர்ப்பவை சிறு தொகையிலும் பிழைத்துக்கொள்ளும். சிறு தொகையாய் நெடுங்காலம் பிழைத்ததன் விலைதான் அந்தக் குறைவு என்று ஆய்வாளர் விளக்குகிறார்கள்.

ஆனால் அதே இலட்சம் முட்டை மனிதர் கைக்கு வந்தால் கதை தலைகீழாகும். இதை எங்களில் குளத்தோடு வாழ்ந்தவர் சொல்ல, மற்றவர் நெடுநாள் நம்பவில்லை. கட்லா, ரோகு இந்தியப் பேராறுகளுக்குரியவை. அவை இனம் பெருக்குவது ஆற்று வெள்ளத்தில். தேங்கிய குளத்து நீரில் தாமாகப் பெருகுவதில்லை. 1957இல் ஹிராலால் சௌதுரி என்ற இந்திய விஞ்ஞானி கபச்சுரப்பிச் சாற்றை ஊசியேற்றி அவற்றை முட்டையிட வைத்தார். அதன்பின் பொரிப்பகங்கள் பிறந்தன. ஒரு தாய் இலட்சக்கணக்கில் தரும்போது, ஒரு மாவட்டத்துக்கே வேண்டிய குஞ்சை இரண்டு மூன்று தாய்களிடமிருந்து எடுத்துவிடலாம். செலவு மிச்சம், வேலையும் மிச்சம். அடுத்த வருடத் தாய்மீன்களையும் அந்தக் குஞ்சுகளிலிருந்தே தெரிவு செய்தால் சகோதரர்கள் சகோதரிகளோடு கூடுகிறார்கள். கர்நாடகத்துப் பொரிப்பகங்களை ஆராய்ந்து 1990இல் வெளியான ஆய்வு ஒன்று, இந்த வழக்கத்தால் உள்ளினவிருத்தி வேகமாக ஏறுவதைக் கணக்கிட்டுக் காட்டியது. ஆற்றில் பல்வகைமை தந்த அதே குணம் தொட்டியில் அதை அழிக்கிறது. விரால் வளர்ப்பவருக்கு இந்தச் சோதனை வராது. ஒரு சோடி தருவது சில ஆயிரம்தான், ஆகையால் பல சோடிகள் வைத்தே ஆகவேண்டும்.

அடுத்தது, போக்குவரத்து. 1994இல் மூன்று ஆய்வாளர்கள் நூற்றுக்கு மேற்பட்ட மீனினங்களின் தரவுகளைத் திரட்டினார்கள். ஓர் இனத்தின் மொத்தப் பல்வகைமையில் எவ்வளவு பங்கு ஊருக்கு ஊர் உள்ள வேறுபாடு? கடல் மீன்களில் ஏறத்தாழ 6 சதவீதம். கடலுக்கும் ஆற்றுக்கும் போய்வருபவற்றில் 11. நன்னீர் மீன்களில் 22. கடலில் மதில் இல்லை; நன்னீரில் ஒவ்வோர் ஆறும் ஒரு தீவு. களனியில் ஒரு மீனைப் பிடித்து, களுகங்கையிலும் அதுதான் இருக்கிறதே, ஒன்று போனால் என்ன என்று சொல்வது அதனால்தான் பிழை.

இந்த மதிலை விலாங்கு ஏறிக் குதிக்கும். அது வளர்வது நம் ஆறுகளிலும் குளங்களிலும். முட்டையிட ஆழ்கடலுக்குப் போய், ஒரே தடவை இனம் பெருக்கி இறந்துபோகும். ஐரோப்பிய விலாங்குகள் நோர்வேயில் வளர்ந்தாலும் மொரோக்கோவில் வளர்ந்தாலும் சர்காசோக் கடலுக்கே போகின்றன. அவை எல்லாம் சேர்ந்து ஒரே கலப்புக் குடித்தொகை என்று பிற்கால ஆய்வுகள் உறுதிப்படுத்தின. ஊர்க் கலியாணமெல்லாம் ஊருக்குள்ளே நடக்கும் கிராமத்தையும், நாடெங்குமிருந்து வந்தவர்கள் ஒரே தேர்த்திருவிழாவில் சம்பந்தம் பேசும் கோயில் வீதியையும் நினைத்துப் பாருங்கள். முன்னது பண்டுல கெண்டை, பின்னது விலாங்கு. பண்டுல கெண்டை 1991இல் விஞ்ஞானத்துக்கு அறிமுகமானது. கேகாலை மாவட்டத்தின் கலப்பிட்டமடைப் பக்கத்தில், வயலும் இறப்பர்த் தோட்டமும் சூழ்ந்த ஒரு சிற்றோடையில் அது வாழ்கிறது. சிறிய மீன், குறுகிய ஆயுள். நீண்ட ஆயுள் கொண்ட மீனுக்கு ஒரு வருடம் ஓடை வற்றினாலும், முந்திய வருடங்களில் பிறந்த பெரியவர்கள் அடுத்த வருடம் முட்டையிடுவார்கள். பல வருடத்துப் பிள்ளைகள் ஒரே காலத்தில் பெற்றோராய் இருப்பது வங்கிச் சேமிப்பைப் போன்றது. குறுகிய ஆயுள் மீனுக்கு அந்தச் சேமிப்புப் புத்தகம் மெலிந்தது.

காலமும் மதிலாகலாம் என்பதற்கு ஒரு வேடிக்கையான சாட்சி பசுபிக்கின் இளஞ்சிவப்புச் சமன் மீன். கடையில் செமன் என்று ரின்னில் வருவது பெரும்பாலும் வேறு மீன். இது உண்மையான சமன். இது சரியாக இரண்டு வயதில் ஆற்றுக்குத் திரும்பி, ஒரே தடவை முட்டையிட்டு இறக்கும். ஆகவே ஒற்றை வருட மீன்களும் இரட்டை வருட மீன்களும் ஒரே ஆற்றில் பிறந்தும் ஒருபோதும் சந்திப்பதில்லை. ஒரே ஆற்றின் இந்த இரு வரிசைகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு, தூரத்து ஆறுகளின் ஒரே வருட மீன்களுக்கிடையே உள்ளதைவிடக் கூடுதலாக இருப்பதுண்டு. ஒரே பாடசாலை, ஒரே வாங்கு, ஆனால் ஒருவரையொருவர் காணாத இரண்டு பிரிவு மாணவிகள்! 1956இல் கனடாவில் இம்மீன் குஞ்சுகளை சுப்பீரியர் ஏரியில் விழும் ஓர் ஆற்றில் விட்டார்கள். இருபத்தைந்து வருடத்துக்குள் ஐந்து பேரேரிகளிலும் அது பரவியது. வந்தவை எல்லாம் ஒற்றை வருட வரிசை. பின்னர் சில மீன்கள் மூன்று வயதில் முதிர்ந்தன; வகுப்பேறாமல் ஒரு வருடம் தங்கிய அந்தப் பிள்ளைகளால்தான் அங்கே இரட்டை வருட வரிசை ஒன்று புதிதாய்ப் பிறந்தது.

இனி விழாக்குழுவின் கேள்வி. இதில் எங்கள் இருவருக்கும் வாக்குவாதம் நடந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. எங்களில் ஒருவர், அந்நிய மீன் எதையும் விடவே கூடாது என்றார். மற்றவர், 1952இல் இலங்கைக்கு வந்த திலாப்பியா இல்லையென்றால் எத்தனை குளக்கரைக் குடும்பங்களின் சட்டியில் மீனே இராது என்று கேட்டார். இரண்டும் உண்மை. ஆனால் அந்தத் திலாப்பியாவின் கதையையும் கேளுங்கள். மொசாம்பிக் திலாப்பியா ஆசியாவில் முதலில் காணப்பட்டது 1939இல், யாவாத் தீவில். முஜாயிர் என்பவர் கண்டெடுத்த ஐந்து மீன்கள் என்பார்கள். ஆசியாவெங்கும் பரவியவை பெரும்பாலும் அவற்றின் வழி வந்தவை என்றே கொள்ளப்படுகிறது. தாய்லாந்தின் சித்ரலதா இனம் 1965இல் யப்பானிய இளவரசர் அக்கிஹித்தோ மன்னர் பூமிபோலுக்கு அனுப்பிய 50 நைல் திலாப்பியாக்களில் தொடங்கியது. 1988இல் பிலிப்பைன்ஸில் நல்ல திலாப்பியா இனம் உருவாக்க முனைந்தவர்கள், ஆசியப் பண்ணை மீன்கள் மட்டும் போதாதென்று எகிப்து, கானா, கென்யா, செனகல் நாடுகளின் ஆறுகளுக்கும் ஏரிகளுக்கும் போய்த் தாய்மீன் கொண்டுவர வேண்டியிருந்தது. கோடிக்கணக்கில் மீன் பெருகிவிட்டது என்பதால் தாய்கள் பெருகிவிட்டன என்றாகாது.

விட்ட மீன் விட்ட இடத்தில் நிற்பதுமில்லை. திரினிடாட்டில் 1957இல் ஹஸ்கின்ஸ் என்பவர் 200 கப்பிகளை ஓர் ஆற்றுத் தொகுதியிலிருந்து எடுத்து, மலைக்கு அப்பால் துரூரே ஆற்றின் கப்பியே இல்லாத மேற்பகுதியில் விட்டார். நீர்வீழ்ச்சி ஒருவழிப் பாதை. கீழிருந்து மேலே மீன் ஏறாது, மேலிருந்து கீழே இறங்கும். சில பத்தாண்டுகளின் பின் பார்த்தபோது, விட்ட மீன்களின் பரம்பரை ஆற்றின் கீழ்ப்பகுதிக் கப்பிகளையும் பெருமளவு விழுங்கியிருந்தது.

ஆகையால் எங்கள் அபிப்பிராயம் இது. மாரியில் நிரம்பி கோடையில் வற்றும் பருவகாலக் குளத்தில் கட்லா, ரோகு விடுங்கள். அவை அங்கே பெருகாது. வற்றுமுன் பிடித்துக் கமக்காரக் குடும்பங்கள் சாப்பிடும். பரம்பரைக் கணக்கு அத்தோடு முடிகிறது. வான் பாய்ந்தால் தப்பாதபடி வலை கட்டவேண்டும். ஆனால் ஆற்றோடு இணைந்த, வற்றாத குளத்தில் எதையும் விடவேண்டாம். உள்ளூர் மீன்தானே என்று வேறோர் ஆற்று விராலையும் விடவேண்டாம். எங்கே வாங்கினாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தக் குஞ்சுகளுக்குத் தாய்கள் எத்தனை, தகப்பன்மார் எத்தனை? விற்பவர் எத்தனை இலட்சம் குஞ்சு என்று பதில் சொன்னால், அது நீங்கள் கேட்ட கேள்வியல்ல என்று மரியாதையாகத் திரும்பவும் கேளுங்கள்.

கடைசியாக, வளைந்த முதுகு. உள்ளினவிருத்தி காரணமாக இருக்கலாம் என்று இவ்வளவும் கேட்ட நீங்கள் உடனே சொல்வீர்கள். அவசரப்பட வேண்டாம். மீன்களுக்கு வரும் ஒருவகைக் காசநோயாலும், உணவில் விற்றமின் குறைந்தாலும் முதுகு வளையும். ஊகிப்பதை விட்டுச் சோதித்துப் பார்ப்போம். வெவ்வேறு ஊர்களில் ஐந்து கிணறுகளிலிருந்து சில கப்பிகள் வேண்டும். தொட்டிப் பெண்கள் சிலவற்றைத் தொட்டி ஆண்களோடும், சிலவற்றைக் கிணற்று ஆண்களோடும் வேறுவேறு கண்ணாடித் தொட்டிகளில் விடுவோம். ஒரே நீர், ஒரே இரை. கிணற்று ஆண்களின் குஞ்சுகள் நேராகப் பிறந்தால் காரணம் பரம்பரை. இரு பக்கமும் வளைந்தால் நோயையோ உணவையோ தேடவேண்டும். ஒரு எச்சரிக்கை: பெரிய பெண் மீன்களைப் பிடித்துப் போட்டால் சோதனை அவ்வளவுதான், முன்பே சேமித்த விந்தில் மாதக்கணக்கில் குஞ்சு ஈன்று உங்களை ஏமாற்றும். ஆண் பெண் வேறு தெரியத் தொடங்கிய உடனேயே இளம் பெண்களைப் பிரித்து வளர்க்கவேண்டும். அதற்கு இரண்டு மாதம் பொறுமை தேவை. முடிந்தபின் மிஞ்சும் மீன் எதையும் வாய்க்காலில் கொட்டக்கூடாது.

வருகிற சனிக்கிழமை காலை எட்டு மணிக்குத் தொட்டியை இறைக்கிறோம். தரம் 12 பிள்ளைகள் கைவலையும் பக்கற்றும் கொண்டுவாருங்கள். கிணறு உள்ள பழைய மாணவிகள் தங்கள் கிணற்றுக் கப்பி ஐந்தாறைப் போத்தலில் இட்டு, எந்த ஊர் என்று எழுதி ஒட்டி அனுப்பினால் உதவியாக இருக்கும். பால்மா ரின்னில் கொண்டுவந்தாலும் ஏற்றுக்கொள்வோம்.